இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு ஹீப்ரு வகுப்பு: படித்து முடித்தவளின் கருத்து

இஸ்ரேலுக்குப் பராமரிப்பு வேலைக்கு ஆயத்தமாகிறவர்கள் எங்கே ஹீப்ரு படிக்கலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் படித்த வகுப்பைப் பற்றி ஒழுங்காக ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால், கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

யாழ்ப்பாணம் பிறவுண் வீதியிலிருந்து உள்ளே போகிற ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் முன் விறாந்தையில் வகுப்பு நடக்கிறது. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. ஆளுக்கு ஆள் சொல்லித்தான் தெரிய வரும். படிப்பிப்பவர் தெல் அவிவில் பல வருடம் வயசானவர்களைப் பராமரித்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட ஒரு பெண். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார், எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி ரீச்சர் என்றே எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு 24,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். பின்னேர வகுப்பு. வேலை எடுத்துத் தருவேன், ஆளைத் தெரியும், விசாவுக்குக் கதைக்கிறேன் என்ற பேச்சே அங்கே கிடையாது. அதையெல்லாம் வேலைவாய்ப்புப் பணியகத்தில் நேரே போய்ப் பாருங்கோ என்று முதல் நாளே சொல்லிவிடுவார். காசை ஏஜென்சிக்காரரிடம் கொடுத்துவிட்டு அலைகிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு பேச்சே பெரிய நிம்மதி.

நான் விசாரித்த மற்ற வகுப்புகளில் பாடம் ஒரே மாதிரித்தான் இருந்தது. கை, கால், முதுகு, வயிறு, நோகுதா, மருந்து குடிச்சீங்களா, குளிக்கலாமா. இவை தேவைதான். இந்த வகுப்பிலும் இவை உண்டு. ஆனால் ரீச்சர் முதல் கிழமையே சுவரில் ஒட்டியது தெல் அவிவ் நகரத்தின் வரைபடத்தை. அதில் வைஸ்மன் வீதியைச் சிவப்புப் பேனையால் கீறிக் காட்டினார். அந்த வீதியில் இகிலோவ் ஆஸ்பத்திரி இருக்கிறது. வயசானவர்களை வைத்திருக்கிற எவரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அங்கே போயே ஆக வேண்டும். அதே வீதியில்தான் மாவட்ட நீதிமன்றமும் இருக்கிறது. 2024 டிசம்பர் 10ஆம் திகதி பிரதமர் நெதன்யாகு தன் ஊழல் வழக்கில் சாட்சியம் சொல்லத் தொடங்கியது அந்தக் கட்டடத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். அவர் வருகிற நாளில் பொலிஸ் தடுப்புப் போடும். எதிர்க்கிறவர்கள் ஒரு பக்கம், ஆதரிக்கிறவர்கள் இன்னொரு பக்கம், ஒலிபெருக்கியோடு நிற்பார்கள்.

"உங்கட அம்மாவுக்கு அண்டைக்குத்தான் கண் கிளினிக் எண்டு வையுங்கோ. சக்கர நாற்காலி. வெயில். என்ன செய்வியள்?"

ரீச்சர் இப்படிக் கேட்பார், இதுதான் பாடம். நாங்கள் பராமரிக்கிற வயசானவவைத்தான் அம்மா என்கிறோம். ஒருவர் பொலிஸ்காரர், ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிற அம்மா, ஒருவர் நாங்கள். கதிரைக்குக் கீழே ஒரு பழைய துவாயைப் போட்டு விறாந்தை நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். பொலிஸ்காரர் வேடத்தில் நிற்கிற பிள்ளை கையை நீட்டி மறிக்கும். "யெஷ் லானு தோர் பெ இகிலோவ்", இகிலோவில் எங்களுக்கு நேரம் குறித்திருக்கிறார்கள், என்று சொல்ல வேண்டும். குரலில் பயமும் இருக்கக்கூடாது, கெஞ்சலும் இருக்கக்கூடாது. ரீச்சர் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார். அது முடிய, கிளினிக்குக்குப் போன் எடுத்துப் பிந்தி வருகிறோம் என்று சொல்லிப் பழக வேண்டும். அப்புறம் டாக்சிக்காரரிடம் மற்றப் பக்கத்தால் விடச் சொல்லிக் கேட்க வேண்டும். எனக்கு இந்த வசனங்கள் நித்திரையிலும் வரும். எழுதிப் பாடமாக்கியிருந்தால் ஒரு கிழமையில் மறந்திருப்பேன்.

கப்லான் வீதியும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். 2023 ஜனவரியில் நீதித்துறையின் அதிகாரத்தைக் குறைக்கிற சட்டங்களை அரசாங்கம் கொண்டுவரப் போன நாளிலிருந்து, சனிக்கிழமை இரவில் சனம் ஆயிரக்கணக்கில் அங்கே கூடியது. சனிக்கிழமைதான் பராமரிப்பு வேலை செய்கிற நிறையப் பேருக்கு லீவு நாள். யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத்துக்காக வெள்ளி பின்னேரம் பஸ் நிற்கும், சனி பொழுதுபட்ட பிறகுதான் திரும்ப ஓடும். தெல் அவிவும் பக்கத்து நகரசபைகள் சிலவும் 2019 நவம்பரிலிருந்து கிழமை முடிவில் சொந்தமாகக் கொஞ்ச பஸ் விடுகின்றன, செரூத் எனப்படும் வான்களும் உண்டு. 2023 ஆகஸ்டில் தொடங்கிய சிவப்புத் தட ரயிலும் சப்பாத்தில் ஓடாது. ஆகவே அந்தக் காலத்தில் லீவு முடிந்து வீட்டுக்குத் திரும்புகிற நேரமும், வீதி மறிபடுகிற நேரமும் ஒன்றாகவே வந்தன. தெல் அவிவுக்குப் பக்கத்து நகரமான ரமத் கானில் வேலை செய்கிற என் மச்சாளிடம் இதைச் சொன்னேன். "உதை ஆராவது எனக்கு வரமுதல் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்" என்றாள். 2023 மார்ச் 26 இரவு, பாதுகாப்பு அமைச்சரை நெதன்யாகு பதவி நீக்குகிறார் என்ற செய்தி வந்ததும் சனம் அயலோன் பெருந்தெருவில் இறங்கியது. அடுத்த நாள் நாடு முழுக்க வேலைநிறுத்தம், விமான நிலையத்தில் புறப்பாடுகூட நின்றது. அன்றைக்கு மச்சாள் பார்க்கிற அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை. வீட்டில் ஒருவரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ரீவியில் என்ன போகிறது என்று விளங்காமல், அந்த அம்மாவுக்கு உடுப்பு மாற்றி, வாசலில் காத்திருந்திருக்கிறாள்.

ரீச்சரின் வகுப்பு இந்த இடத்தில்தான் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது. வேலை செய்யப் போகிற வீட்டில் நாள் முழுக்க ரீவி போய்க்கொண்டிருக்கும், மணிக்கு மணி வானொலிச் செய்தி. அதில் வருகிறவர்கள் யார், எதற்காகச் சத்தம் போடுகிறார்கள் என்று தெரியாமல் ஐந்து வருடம் ஒருவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியாது. எண்கள் படிக்கிற நாளில் அந்த வழக்குகளையே எடுத்தார். எலெஃப், அல்பாயிம், அர்பாத் அலாஃபிம். ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம். நெதன்யாகுவின் மேல் 2019 நவம்பரில் குற்றப்பத்திரம் அறிவிக்கப்பட்ட மூன்று வழக்குகளுக்கும் இந்த எண்கள்தான் பெயர். பணக்கார நண்பர்களிடமிருந்து ஏறக்குறைய 7 இலட்சம் ஷெக்கல் (இஸ்ரேல் காசு) பெறுமதியான சுருட்டும் ஷாம்பெயினும் மற்றச் சாமான்களும் வாங்கினார் என்பது ஆயிரம். யெதியோத் அஹ்ரனோத் பத்திரிகை உரிமையாளரோடு, தன்னைப் பற்றி நல்லதாய் எழுதுவதற்குப் பேரம் பேசினார் என்பது இரண்டாயிரம். பெசெக் தொலைபேசிக் கம்பனி முதலாளிக்குச் சலுகை காட்டி, அவருடைய வல்லா செய்தித்தளத்தில் தனக்குச் சாதகமாகச் செய்தி போடுவித்தார் என்பது நாலாயிரம். விசாரணை தொடங்கியது 2020 மே மாதம். எல்லாவற்றையும் அவர் மறுக்கிறார். பதவியில் இருக்கும்போதே குற்றவாளிக் கூண்டுக்கு வந்த முதல் இஸ்ரேலியப் பிரதமர் அவர். இந்த மூன்றையும் ஒரு பின்னேரத்தில் கேட்டவர்களுக்கு எண்ணும் மனத்தில் நின்றது, ரீவியில் அந்த எண் வந்தால் என்ன கதை என்றும் பிடிபடும். அதே எண்களை வைத்து உடனே மருந்துக்கடை விலை, கரண்ட் பில், பென்சன் காசு எல்லாம் வாசிக்க வைத்தார்.

எந்தச் சனல் என்று பார்க்கச் சொல்வார். 14ஆம் சனல் போகிற வீடென்றால் நெதன்யாகுவுக்கு ஆதரவு. 12உம் 13உம் அவரை விமர்சிக்கிற செய்திகளை நிறையப் போடும். பிள்ளைகள் வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு வந்தால் ஒரே மேசையில் இரண்டு கட்சியும் இருக்கும். "அவை சண்டை பிடிப்பினம், பிடிச்சுக்கொண்டே சாப்பிடுவினம். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். ஆனா என்ன கதைச்சவை எண்டு விளங்கியிருக்க வேணும், விளங்காட்டி அது உங்களைப் பற்றித்தான் எண்டு நினைச்சு இரவு முழுக்க அழுவியள்" என்றார். இதைக் கேட்டு விறாந்தையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏற்கெனவே வேறு நாட்டுக்குப் போய் வந்த இரண்டு அக்காமார் தலையை ஆட்டினார்கள்.

அடுத்து நான் சொல்லப் போவது பெண் பிள்ளைகள் கட்டாயம் வாசிக்க வேண்டியது. ரீச்சர் மோஷே கத்சாவின் கதையை ஒரு முழு வகுப்பு எடுத்துச் சொன்னார். அவர் அந்த நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். முன்பு அமைச்சராக இருந்த காலத்தில் தனக்குக் கீழே வேலை செய்த பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினார் என்று 2010 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏழு வருடச் சிறை. 2011 டிசம்பரில் உள்ளே போனார், 2016 டிசம்பரில் விட்டார்கள்.

"ஜனாதிபதியையோ ரீச்சர்?" என்று பின் கதிரையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது.

"ஜனாதிபதியைத்தான். முறைப்பாடு குடுத்தவ ஆர்? அவருக்குக் கீழ வேலை செய்த ஒரு பொம்பிளை."

அதோடு நிறுத்தவில்லை. 1998இலிருந்து அங்கே பாலியல் தொந்தரவுக்கு எதிரான தனிச் சட்டம் இருக்கிறது என்பதையும், பொலிஸ் 100, அம்புலன்ஸ் 101 என்பதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுத வைத்தார். "வேண்டாம், தொடாதேங்கோ, நான் பொலிசுக்கு எடுக்கிறன்" என்பதை ஹீப்ருவில் ஒவ்வொருவராக எழுப்பி, உரத்துச் சொல்லச் சொன்னார். கொக்குவிலிலிருந்து வருகிற, வாயே திறக்காத ஒரு தங்கச்சி அன்றைக்குச் சொன்ன சத்தம் ஒழுங்கை முடக்குக்குக் கேட்டிருக்கும். நாங்கள் ஒரு வீட்டுக்குள் தனியாகப் போகிறோம். அந்த வீட்டில் எங்களுக்குத் துணை இந்த ஒரு வசனம்தான். வேறெந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தருகிறார்கள் என்று நான் கேள்விப்படவில்லை. இதற்காக மட்டும் 24,000 ரூபாய் கொடுக்கலாம்.

சம்பளப் பிரச்சினைக்கும் இப்படித்தான். பிரதமரின் வாசஸ்தலத்தில் வீட்டு மேலாளராக இருந்தவர், தன்னை மோசமாக நடத்தினார்கள் என்று தொழில் நீதிமன்றத்துக்குப் போனார். 2016 பெப்ரவரியில் அவருக்கு 1,70,000 ஷெக்கல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நாட்டின் ஆகப் பெரிய வீட்டில் வேலை செய்தவர் வழக்குப் போட்டு வென்றிருக்கிறார் என்றால், ஓய்வு நாளும் பிடித்து வைத்த சம்பளமும் கேட்பதற்கு நாங்கள் ஏன் கூச வேண்டும்? கவ் லஓவெத் என்று 1991இலிருந்து தொழிலாளர்களுக்காக நடக்கிற ஓர் அமைப்பு இருக்கிறது, வெளிநாட்டவர்களும் போகலாம். அதன் பெயரையும் எழுத வைத்தார்.

கடைக்குப் போகிற பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. கொட்டேஜ் சீஸ் ஒரு டப்பா, பாண், தக்காளி, வெள்ளரிக்காய், போத்தல் தண்ணி. அந்தக் கொட்டேஜ் விலை கூடிப்போனதென்று 2011 ஜூனில் சனம் வாங்காமல் விட்டதும், அடுத்த மாதம் தெல் அவிவின் ரொத்ஷில்ட் சாலையில் வீட்டு வாடகைக்காகக் கூடாரம் அடித்ததும் கதையாக வந்தது. போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் 30 அகோரா கிடைக்கும், நூறு அகோரா ஒரு ஷெக்கல். பிரதமரின் மனைவி, அரசாங்கக் காசில் வாங்கிய போத்தல்களுக்கு எடுத்த பணத்தில் 4,000 ஷெக்கலைத் திருப்பிக் கட்டினார் என்று ஒரு காலம் செய்தி முழுக்க அதுதான். வாசஸ்தலத்தில் சமையல்காரர் இருக்கத்தக்கதாக வெளியிலிருந்து சாப்பாடு எடுப்பித்த வழக்கில், 2019 ஜூனில் அவர் தவறை ஒப்புக்கொண்டு 10,000 ஷெக்கல் தண்டமும் 45,000 ஷெக்கல் மீளவும் கட்டினார். இதிலிருந்து ரீச்சர் நேரே எங்களிடம் வந்தார். அம்மாவின் காசில் வாங்கிய ஒவ்வொரு சாமானின் ரசீதும் ஒரு என்வலப்பில் இருக்க வேண்டும். போத்தல் காசு ஆருக்கு என்று முதல் கிழமையே மகளிடம் கேட்க வேண்டும், கேட்கும்போது அந்த அம்மாவும் இருக்க வேண்டும். 30 அகோராவுக்காக ஒரு நல்ல பேர் போய்விடக்கூடாது.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

எழுத்து வாசிக்கப் பழக்குவது போதாது. வலமிருந்து இடமாக எழுதுகிற 22 எழுத்தையும் இரண்டாம் கிழமையே ஓட்டமாக ஓடி முடித்துவிடுகிறார். பேசுவது நன்றாக வருகிறது, மருந்துப் பெட்டியில் இருப்பதை வாசிக்க வரவில்லை. மச்சாள் சொல்கிறாள், நடுவீதியில் கதைப்பதைவிட மருந்து வாசிக்கத் தெரியாததுதான் பயங்கரம் என்று. இதை ரீச்சரிடமும் சொன்னேன், நேரத்தைக் கூட்டப் பார்க்கிறேன் என்றார். போட்டோக்கொப்பிகள் மங்கல். சிலவற்றில் உயிர் எழுத்துப் புள்ளிகள் கண்ணுக்கே தெரியாது. ஒரே ஒரு ஃபான்தான், கரண்ட் போனால் கையால் விசுக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ரீச்சர் கடைசியாகப் பார்த்த அம்மா நெதன்யாகுவைக் கண்ணில் காட்டக்கூடாதவ. அதனால் ரீச்சரின் கதைகளெல்லாம் அந்தப் பக்கத்துக் கதைகள். நாங்கள் போகிற வீடு நெதன்யாகுவின் கட்சியான லிகுட்டை ஆதரிக்கிற வீடாகவும் இருக்கும். மச்சாள் பார்க்கிற அம்மா மொரோக்கோவிலிருந்து சின்னப் பிள்ளையாய் வந்தவ, வாழ்நாள் முழுக்க லிகுட்டுக்கே போட்டவ. பத்திரிகைக்காரரும் வழக்குத்தொடுநர்களும் சேர்ந்து எங்கட ஆளை விழுத்தப் பார்க்கினம் என்று உறுதியாய் நம்புகிறவ. அவவும் பொல்லாத மனுசி கிடையாது, மச்சாளைப் பிள்ளை மாதிரித்தான் பார்க்கிறா. அப்படிப்பட்டவர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்பதற்கும் வகுப்பில் ஒரு பின்னேரம் வேண்டும். அந்தத் தேசத்தில் ஊழல் வழக்கு ஒரு கட்சிக்குச் சொந்தமானதும் அல்ல. தானும் மனைவியும் வோஷிங்டனில் வைத்திருந்த டொலர்க் கணக்கால், தொழிற்கட்சிப் பிரதமர் ரபின் 1977இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். எகுத் ஒல்மேர்ட் பிரதமராக இருந்துவிட்டு 2016 பெப்ரவரியில் சிறைக்குப் போனார். இவற்றை ரீச்சர் ஒரு வசனத்தில் கடந்துவிட்டார்.

கடைசிக் குறை எனக்குப் பெரியது. காஸாவைப் பற்றி வகுப்பில் ஒன்றும் இல்லை. சைரன் அடித்தால் தெல் அவிவில் ஒன்றரை நிமிடத்துக்குள் பாதுகாப்பு அறைக்குப் போக வேண்டும், அம்மாவை எப்படித் தூக்குவது, சக்கர நாற்காலியின் பிரேக்கை எங்கே போடுவது என்பதெல்லாம் நன்றாகச் சொல்லித் தருகிறார். 2023 ஒக்டோபர் 7 அன்று இறந்தவர்களில் எங்கள் நாட்டிலிருந்து பராமரிப்பு வேலைக்குப் போன ஒரு பெண்ணும் இருக்கிறார் என்பதையும் சொன்னார். ஆனால் மற்றப் பக்கத்தில் குண்டுக்குக் கீழே இருக்கிற சனத்தைப் பற்றிக் கேட்டபோது, அது எங்களுக்கு வேண்டாத கதை என்று நிறுத்திவிட்டார். நான் 1995 இடப்பெயர்வில் அம்மாவின் இடுப்பில் இருந்து செம்மணிப் பாதையால் போனவள். பங்கர் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த ரீவியில் பாயும் தலையணையுமாய் நடந்து போகிற சனத்தைக் காட்டும்போது நான் சோறு ஊட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வாய் திறக்க வேண்டாம் என்றால் சரி, வேலை வேலைதான். ஆனால் மனதை என்ன செய்வது என்று, எங்களைப் போலப் போய் இருந்து வந்த ஒருவர் சொல்லித் தந்தால்தான் உண்டு. ரீச்சருக்கு அது தெரியாமல் இருக்காது. அடுத்த பிரிவுக்காவது அவர் இதைக் கதைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஹீப்ரு படிக்க எங்கே போகலாம் என்று கேட்டால் இங்கேதான் அனுப்புவேன். சான்றிதழுக்காக மட்டும் படிக்கிறவர்களுக்கு இது சரிவராது, பரீட்சையும் இல்லை, கடதாசியும் தரமாட்டார். விவசாய வேலைக்குப் போகிற தம்பிமாருக்கும் பாதிதான் பயன்படும், அவர்களுக்குத் தோட்டச் சொற்கள் வேண்டும். நகரத்து வீடொன்றுக்குள் போய், அந்த வீட்டுச் சனத்தோடு தூங்கி எழும்பப் போகிறவர்கள் சேருங்கள்.

புதுப் பிரிவு தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் என்கிறார். ஒற்றைக்கோட்டு கொப்பி போதும். மருந்துப் பெட்டி எழுத்துக்கு வீட்டிலேயே தனியாகப் பழகுங்கள், போனில் ஹீப்ரு விசைப்பலகையை இப்போதே போட்டுவிடுங்கள். சைக்கிளையும் ஸ்கூட்டியையும் ஒழுங்கையில் விடாமல் வளவுக்குள்ளே விட வேண்டும்.